டேகேர் டப்பா அப்படியே திரும்பி வருகிறதா? ஒரு வயதுக் குழந்தையின் மதியச் சாப்பாட்டுக் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

டேகேரில் குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை என்று தெரிந்தால், பல வீடுகளில் முதலில் மாறுவது மெனுதான். பருப்பு சாதம் போய் கிச்சடி வரும், கிச்சடி போய் பாஸ்தா வரும், அதுவும் திரும்பி வந்தால் பாட்டில் பால் வரும். மெனுவில் கோளாறு இருப்பது அபூர்வம். காலை ஏழரைக்கு அடுப்பிலிருந்து இறங்கிய சாப்பாடு மதியம் பன்னிரண்டுக்குக் குழந்தையின் வாய்க்குப் போகும் வரை என்ன ஆனது என்பதைப் பார்க்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு விட்டீர்கள், டப்பா எப்படிப்பட்டது, எத்தனை மணிக்கு ஊட்டினார்கள், யார் ஊட்டினார்கள். இந்த நாலையும் பார்த்துவிட்டு அப்புறம் மெனுவில் கை வைத்தால் போதும்.

சென்னை மாதிரி சூடான ஊரில், காலை 9 மணிக்கு விட்டு மாலை 6 மணிக்குக் கூட்டிவரும் காப்பகத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். குழந்தைக்கு ஒரு வயது முடிந்து ஒன்றிரண்டு மாதம் ஆகியிருக்கும், முன்பற்கள் வந்திருக்கும், கடைவாய்ப்பல் வந்திருக்காது.

முதலில்: திரும்பி வந்த டப்பாவைப் பாருங்கள்

சாயங்காலம் வந்ததும் டப்பாவை நேராக சிங்க்கில் போட்டுத் தண்ணீர் விடுகிற பழக்கத்தை ஒரு வாரம் நிறுத்துங்கள். திறந்து பாருங்கள். காலையில் கரண்டியால் தட்டிச் சமன் செய்த மேல்பரப்பு அப்படியே இருந்தால், ஸ்பூன் உள்ளேயே போகவில்லை. மூடி திறக்க வராமல் இருந்திருக்கலாம், சாப்பாட்டு நேரத்தில் குழந்தை தூங்கியிருக்கலாம், முதல் வாயிலேயே தலையைத் திருப்பியிருக்கலாம். நடுவில் மட்டும் ஒரு குழி விழுந்து, சுற்றிலும் சோறு சுவர் மாதிரி நின்றால், ஊட்டியவர் முயன்றிருக்கிறார், சோறு கெட்டியாகிவிட்டது. விளிம்பெல்லாம் பருப்பு பூசி டப்பாவின் வெளிப்பக்கம் வரை காய்ந்திருந்தால் குழந்தை தானே கையை விட்டுச் சாப்பிட்டிருக்கிறது. மிச்சம் நிறைய இருந்தாலும் இது நல்ல செய்திதான்.

அடுத்து, கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். "சாப்பிட்டாளா?" என்றால் "சாப்பிட்டாம்மா" என்றுதான் பதில் வரும். பத்துக் குழந்தைகளைப் பார்க்கிறவர் வேறென்ன சொல்வார்? "அக்கா, இன்னிக்கு எத்தனை வாய் வாங்கினா? எந்த இடத்துல நிறுத்தினா?" என்று கேட்டால், "நாலு வாய் வாங்குச்சு, அப்புறம் வாயிலயே வெச்சுக்கிச்சு" என்று சொல்வார். உங்களுக்கு வேண்டியது அந்தப் பதில்தான். எந்தத் தலைப்பின் கீழ் தேட வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

சாதம் கட்டியாகி வருகிறது

வருகிற புகார்களில் பாதி இதுதான். அதிலும் பருப்பு சாதம், கிச்சடி, பொங்கல் மூன்றுமே ஒரே வியாதிக்காரர்கள்.

வெந்த அரிசியில் இருக்கும் மாவுச்சத்து, ஆற ஆற மறுபடி இறுகும். கூடவே பருப்பும் சோறும் இருக்கிற தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொள்ளும். காலையில் வாயில் கரைகிற பதத்தில் கட்டினால் மதியம் அது கேக் துண்டாக இருக்கும். கட்டும்போதே மதியப் பதத்தை மனதில் வைக்க வேண்டும். ஸ்பூனைச் சாய்த்தால் சோறு தானாக வழிந்து இறங்க வேண்டும், பார்க்கிற மாமியார் "என்ன இது, கஞ்சியா?" என்று கேட்டால் பதம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அரிசியும் ஒரு காரணம். புழுங்கலரிசிச் சோறு பச்சரிசிச் சோற்றைவிட விறைப்பாக நிற்கும். வீட்டில் எல்லோருக்கும் புழுங்கல்தான் என்றால் குழந்தைக்கு மட்டும் ஒரு கைப்பிடி பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, நாலைந்து பங்கு தண்ணீர் விட்டு, அதே குக்கருக்குள் வைத்துவிடலாம். தனி அடுப்பு வேண்டாம், தனி விசிலும் வேண்டாம். வெந்ததும் சூட்டோடு மசித்து, நெய்யை அப்போதே விட வேண்டும். சூடாக இருக்கும்போது விட்ட நெய் சோற்றைச் சுற்றிப் படிந்து, பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுவதைக் குறைக்கும். ஆறிய பிறகு மேலே விட்ட நெய்யால் வாசனையைத் தவிரப் பெரிய பயன் இல்லை.

இதெல்லாம் செய்தும் இறுகுகிறது என்றால் கடைசி மருந்து ஒரு குட்டி டப்பா. பருப்புத் தண்ணீரோ, மிளகு காரம் குறைத்த ரசமோ, அரை டம்ளர் சூடாகத் தனியாக அனுப்புங்கள். ஊட்டுகிற அக்காவிடம் "கட்டியா இருந்தா இதை ஊத்திப் பிசைஞ்சுக்கோங்க" என்று ஒரு தடவை செய்தே காட்டிவிடுங்கள். வெறும் வெந்நீரும் சோற்றை இளக்கும். ஆனால் தண்ணீர் சேரச் சேர ஒரு வாயில் போகும் சத்து குறையும். குழந்தையின் வயிறோ சின்னது.

பதம் சரியா என்று தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வழக்கம்போல டப்பாவில் கட்டி மேடையில் வையுங்கள், மதியம் திறந்து நீங்களே ஒரு வாய் போட்டுப் பாருங்கள். கடிக்காமல் நாக்காலேயே மேலண்ணத்தில் அழுத்தி நசுக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் குழந்தையாலும் முடியாது.

இட்லிக்கு வைத்தியம் வேறு. இட்லியின் தோல்தான் முதலில் காயும். ஆவி போன பிறகு, மிதமான சூட்டில், விரல் நீளத்துக்குக் கீறி, துளி நெய்யோ நல்லெண்ணெயோ தடவி அடுக்கினால் மதியம் வரை தாங்கும். கொதிக்கக் கொதிக்க மூடினால் மூடியில் வேர்த்த தண்ணீர் சொட்டி இட்லி சொதசொதவென்று ஆகிவிடும். தோசையை அனுப்பாதீர்கள். சூடாக இருக்கிறவரைதான் தோசை. மதியம் அதைப் பிய்க்கப் பெரியவர்களுக்கே பல் வேண்டும். இடியாப்பம் அனுப்பலாம், பாலைத் தனியாக. ராகிக் கூழும் சோற்றைப் போலவே இறுகும், அதையும் நீர்க்கவே காய்ச்ச வேண்டும்.

ஊசிப்போய்விட்டது, அல்லது லேசாக வாடை அடிக்கிறது

இந்தத் தலைப்பை மட்டும் கடைசி இடத்துக்குத் தள்ள முடியாது. சோறு நூல் விட்டாலோ, பிசுபிசுத்தாலோ, மூடியைத் திறந்ததும் புளிப்பு வாடை வந்தாலோ, சுவை பார்க்காமல் கொட்டிவிடச் சொல்லி டேகேரில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கொட்டினால் கோபிக்க மாட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் அம்மா ஏதாவது நினைத்துக்கொள்வார் என்று ஊட்டிவிடுகிறவர்களும் உண்டு.

சமைத்த உணவைச் சூடாகவே வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிராக வைப்பதென்றால் 5 டிகிரிக்குக் கீழ் வைக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் சாதாரண அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சித்திரை வெயிலில் இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். ஏழரைக்குக் கட்டிய சாதாரண எவர்சில்வர் டப்பா பன்னிரண்டுக்குத் திறக்கப்படுகிறது. நாலரை மணி நேரம் அது அந்த நடுச் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி விடும் நஞ்சுகளில் ஒன்று மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால் "மைக்ரோவேவில் நல்லா சூடு பண்ணிட்டேன்" என்பது பரிகாரம் ஆகாது.

இரண்டு வழி இருக்கிறது. காப்பகத்தில் ஃப்ரிட்ஜும் சூடாக்கும் வசதியும் இருந்தால் குளிர் வழி நல்லது. காலையில் சமைத்ததை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஐஸ் பேக் வைத்த பையில் கொண்டுபோய், போனதும் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த சோறு இன்னும் விறைக்கும், ஆகவே சூடாக்கும்போது ஒரு கரண்டி தண்ணீர் விட வேண்டும். மைக்ரோவேவ் ஒரு பக்கம் கொதிக்கவும் இன்னொரு பக்கம் சில்லென்றும் வைக்கும், கிளறிவிட்டு மணிக்கட்டில் ஒரு துளி வைத்துப் பார்த்த பிறகே ஊட்ட வேண்டும்.

ஃப்ரிட்ஜ் இல்லை என்றால் சூடு காக்கும் ஃபுட் ஜார் வாங்குவதைத் தவிர வழி இல்லை. செலவு செய்யத் தகுந்த பொருள் இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான் என்பேன். வாங்கும்போது சின்னதாக வாங்குங்கள். பெரிய ஜாரில் அடியில் கொஞ்சம் போட்டால் சூடு சீக்கிரம் போய்விடும். கட்டுவதற்கு முன் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி 10 நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டு, உடனே கொதிநிலையில் இருக்கும் சாப்பாட்டைக் கழுத்து வரை நிரப்புங்கள். வெதுவெதுப்பாக ஆறியதை ஜாரில் போடுவதுதான் இருப்பதிலேயே மோசம். கிருமிக்கு அது மெத்தை போட்ட இடம். மதியம் திறக்கும்போது விரல் வைத்தால் உடனே எடுக்கத் தோன்றுகிற சூடு இருந்தால் ஜார் வேலை செய்கிறது. அந்தச் சூட்டில் நேரே ஊட்ட முடியாது, கிண்ணத்தில் மாற்றி ஆற்றித்தான் ஊட்ட வேண்டும் என்பதையும் அக்காவிடம் சொல்லிவையுங்கள்.

தேங்காய் சேர்ந்தது எல்லாவற்றுக்கும் முன்னால் கெடும். சட்னி, தேங்காய்ப் பால், கூட்டு எல்லாம் வெயில் காலத்தில் வீட்டோடு இருக்கட்டும். தயிர் சாதம் புளித்துப்போகிறது என்றால், தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டுங்கள். ரயில் பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கிற அதே முறைதான்: புதிதாக வடித்துக் குழைத்த சோறு, காய்ச்சி ஆறிய பால், ஒரே ஒரு ஸ்பூன் தயிர். மதியத்துக்குள் பால் தயிராகிப் பதமாக இருக்கும். அங்கே ஃப்ரிட்ஜ் இருந்தால், இதை அனுப்பாமல் தயிரைக் குளிரிலேயே வைத்து ஊட்டும்போது கலக்கச் சொல்வது அதைவிட நல்லது. பழைய சோற்றில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

டப்பாவில் மிஞ்சி வந்ததை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், இரவுக்கு வைக்கக் கூடாது. எச்சில் பட்ட ஸ்பூன் உள்ளே போய்வந்திருக்கிறது.

வாயில் வைத்துக்கொண்டே இருக்கிறது, துப்புகிறது, குமட்டுகிறது

இரண்டு எதிரெதிர்க் காரணங்களில் ஒன்று இருக்கும். ஒன்று, மெல்ல முடியாத அளவு முரடு. இன்னொன்று, இத்தனை மாதமும் மிக்ஸியில் அடித்துக் கொடுத்ததால் கட்டியைப் பார்த்தாலே நாக்கு தள்ளிவிடுகிறது. திப்பியான உணவு ஒன்பது, பத்து மாதத்தில் பழக்கமாகியிருக்க வேண்டும். தாமதம் ஆக ஆகப் பழக்குவது கடினம். பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் வீட்டுச் சாப்பாட்டையே மசித்து உண்ணத் தயார்.

எது என்று கண்டுபிடிப்பது சுலபம். மிக்ஸியில் அடித்ததை விழுங்குகிறது, கையால் மசித்ததைத் துப்புகிறது என்றால் இரண்டாவது காரணம். மிக்ஸியை ஒரேயடியாக நிறுத்தாமல், அடித்ததில் ஒரு ஸ்பூன் கையால் மசித்ததைக் கலந்து, சில நாளுக்கு ஒருமுறை அந்தப் பங்கைக் கூட்டிக்கொண்டே போங்கள். இந்தப் பழக்கத்தை வீட்டு இரவுச் சாப்பாட்டில் ஆரம்பியுங்கள். டேகேரில் பரிசோதனை வேண்டாம்.

முரடுதான் காரணம் என்றால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். லேசாக அழுத்தியதும் கூழானால் ஈறாலேயே மென்றுவிடும். வேகவைத்த சர்க்கரைவள்ளி, பரங்கி, கேரட், நன்கு பழுத்த பப்பாளி, இட்லி, பனீர் எல்லாம் இந்தச் சோதனையில் தேறும். வேகவைக்காத ஆப்பிள் துண்டு தேறாது. ஆவியில் வேகவைத்தோ துருவியோ கொடுங்கள்.

குமட்டலும் மூச்சடைப்பும் வேறு வேறு. குமட்டும்போது சத்தம் வரும், முகம் சிவக்கும், நாக்கு வெளியே தள்ளும். அது குழந்தையின் தற்காப்பு. மூச்சடைத்தால் சத்தமே வராது. ஆகவே வேர்க்கடலை, முந்திரி, பாப்கார்ன், முழுப் பட்டாணி, சுண்டல், முழு திராட்சை, பச்சைக் கேரட் எதுவும் டப்பாவுக்குள் போகக் கூடாது. திராட்சை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நீளவாக்கில் நாலாகக் கீற வேண்டும். குறுக்கே வட்டமாக வெட்டினால் தொண்டையை அடைக்கிற அளவு மாறாது. கடலையைப் பொடித்து, கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். உங்கள் டேகேரில் யாருக்காவது தொண்டையில் அடைத்தால் முதுகில் தட்டி முதலுதவி செய்யத் தெரியுமா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். சேர்க்கும் நாளிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

வீட்டில் சாப்பிடுகிறது, அங்கே தொடுவதில்லை

இங்கே டப்பாவை விட்டுவிட்டு வீட்டைப் பாருங்கள். போனில் ரைம்ஸ் ஓடினால்தான் வாய் திறக்கும் என்று பழகிய குழந்தைக்கு டேகேரில் போன் இல்லை. அங்கே அது பட்டினி கிடப்பதில் ஆச்சரியம் இல்லை. வீட்டிலும் போன் இல்லாமல் ஒரு வேளையாவது ஊட்டப் பழக்குங்கள். முதல் சில நாள் அழுகை இருக்கும், அளவும் குறையும்.

இரண்டாவது சந்தேகம் பால். பதினோரு மணிக்கு 200 மில்லி பால் குடித்த குழந்தைக்குப் பன்னிரண்டு மணிக்கு எப்படிப் பசிக்கும்? ஒரு வயதுக்கு மேல் பசும்பால் நாளொன்றுக்கு சுமார் 500 மில்லியைத் தாண்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் சோற்றுக்கு வயிற்றில் இடமும் இருக்காது, இரும்புச்சத்துக் குறைவும் வரும். பத்தரைக்குப் பழம், பன்னிரண்டுக்குச் சோறு, தூங்கி எழுந்து நாலு மணிக்குப் பாலும் ஏதாவது கடியும் என்று மாற்றிப் பாருங்கள். பல வீடுகளில் இந்த ஒரு மாற்றத்திலேயே டப்பா காலியாகும்.

தூக்கமும் கணக்கில் வரும். சில குழந்தைகள் பதினொன்றரைக்கே சொக்கிவிடும். எல்லோருக்கும் பன்னிரண்டு மணி என்பது காப்பகத்தின் வசதி. உங்கள் குழந்தைக்குப் பதினொன்றேகாலுக்கு ஊட்ட முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

சேர்த்த முதல் இரண்டு மூன்று வாரம் இதில் எதுவுமே காரணமாக இல்லாமலும் சாப்பிடாது. புது இடம், புது முகம். அந்த நாட்களில் புதுப் பண்டம் எதையும் அனுப்பாமல், வீட்டில் அதிகம் பிடித்ததையே திரும்பத் திரும்ப அனுப்புங்கள். அலுக்காது. அலுப்பு நமக்குத்தான்.

வேலையிடத்திலேயே காப்பகம் இருந்தால் இன்னொரு விஷயம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளொன்றுக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்பது 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதி. ஆனால் சரியாக ஊட்டுகிற நேரத்தில் நீங்கள் போய் நின்றால், ஊட்டுகிற அக்காவின் கையில் குழந்தை வாங்காது. சாப்பாடு முடிந்த பிறகு போங்கள்.

ஒரு வயது ஆனதிலிருந்தே பொதுவாகச் சாப்பாடு குறைந்துவிட்டது

கோளாறு என்று ஓடிவரும் பலருக்கு இதில் கோளாறே இல்லை. பிறந்த எடை முதல் ஆண்டில் சுமார் மூன்று மடங்கு ஆகிறது. மூன்று கிலோவில் பிறந்தது ஒன்பது கிலோ ஆகிவிடுகிறது. அடுத்த ஆண்டு முழுவதும் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் நிதானமாகும். ஒரு நாள் நன்றாகத் தின்னும், மறுநாள் மூன்று வாயோடு எழுந்துகொள்ளும். ஒரு வேளையை வைத்து முடிவு கட்டாமல் ஒரு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஓடியாடி விளையாடுகிறதா, எடை அட்டையில் கோடு மேலே போகிறதா என்பதே அளவு. பக்கத்து வீட்டுக் குழந்தை எவ்வளவு சாப்பிடுகிறது என்பது அந்த வீட்டுக் கணக்கு.

டப்பா காலி, ஆனால் வந்ததும் பசியில் அழுகிறது

12 முதல் 23 மாதக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 250 மில்லிக் கிண்ணத்தில் முக்கால் முதல் ஒரு கிண்ணம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. இப்படி மூன்று நாலு வேளை, நடுவில் ஒன்றிரண்டு சிறு தீனி. உங்கள் டப்பா அந்த அளவு கொள்ளுமா என்று தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். பொம்மை போட்ட அழகான குட்டி டப்பாக்கள் பலவும் அவ்வளவு கொள்ளாது.

அளவு சரி என்றால் அடர்த்தி குறைவு. சோற்றை இளக்கத் தண்ணீர் கூட்டியதன் விலை இதுதான். ஒரு டீஸ்பூன் நெய் சுமார் 45 கலோரி. தாய்ப்பாலும் குடிக்கும் இந்த வயதுக் குழந்தைக்கு உணவிலிருந்து நாளொன்றுக்கு வேண்டியது சுமார் 550 கலோரி. அப்போது ஒரு ஸ்பூன் நெய் எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். முட்டையின் மஞ்சளை மசித்துச் சோற்றில் கலப்பது, பருப்பைக் கெட்டியாகப் போட்டு ரசத்தால் இளக்குவது, வறுத்துப் பொடித்த எள்ளோ வேர்க்கடலையோ ஒரு ஸ்பூன் சேர்ப்பது எல்லாமே அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்டும் வழிகள். டேகேரில் கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலு மணிக்கு அங்கே என்ன தருகிறார்கள் என்பதையும் கேளுங்கள். இரண்டு பிஸ்கட் என்றால் ஆறு மணி அழுகைக்கு அதுவே காரணம். மைதா, சர்க்கரை, பாமாயில் மூன்றையும் அழுத்திச் சுட்டதுதான் பிஸ்கட். பாக்கெட்டில் பால் படம் போட்டிருந்தாலும் அப்படித்தான். பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களையும் நான் அந்த வரிசையில்தான் வைப்பேன். மலைவாழைப்பழம் ஒன்று போதும். தோலோடு முழுதாக அனுப்பினால் கறுக்காது, உரித்துப் பிசைவதற்கு அரை நிமிஷம் ஆகும்.

மலம் இறுகிவிட்டது

டேகேர் போக ஆரம்பித்த முதல் மாதத்தில் இது அடிக்கடி வரும். பால் கூடியிருக்கும், தண்ணீர் குறைந்திருக்கும். சிப்பரில் தண்ணீர் நிரப்பி அனுப்பி, திரும்பி வரும்போது எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள், தினமும் நிறைந்தே வருகிறதென்றால் விடை கிடைத்துவிட்டது. பப்பாளி, ஊறவைத்துக் கொட்டையில்லாமல் மசித்த உலர் திராட்சை, சோற்றில் ஒரு கைப்பிடி கீரை. பழுக்காத வாழைப்பழம் இறுக்கும், நன்றாகப் பழுத்ததையே கொடுங்கள். மலத்தில் ரத்தக் கோடு தெரிந்தாலோ, வலியில் அடக்கிவைத்தாலோ டாக்டரிடம் போய்விட வேண்டும். கடையில் வாங்கி எதையும் நீங்களாக ஊற்றாதீர்கள்.

வாயைச் சுற்றிச் சிவக்கிறது

தக்காளி, எலுமிச்சை, ஆரஞ்சு, ரசம் இவற்றின் புளிப்பு தோலில் பட்டு, பட்ட இடத்தில் மட்டும் சிவந்து, துடைத்ததும் ஒரு மணி நேரத்தில் மறைந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஊட்டும் முன் உதட்டைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லலாம். பட்ட இடத்தைத் தாண்டித் தடிப்பு பரவினால், உதடோ கண்ணோ வீங்கினால், தொடர்ந்து வாந்தி எடுத்தால் அது ஒவ்வாமை. மூச்சு இழுத்தால் 108-ஐ அழைக்க வேண்டிய நேரம்.

இதற்காகத்தான் ஒரு விதி: முட்டை, கடலை, மீன், கோதுமை எதுவானாலும் முதல் தடவை வீட்டில், பகல் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கொடுக்க வேண்டும். பிரச்சினை இல்லை என்று தெரிந்த பிறகுதான் டப்பாவில் ஏற வேண்டும். பத்துப் பன்னிரண்டு தானியம் போட்டு அரைத்த சத்துமாவும் அப்படியே. ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதில் எது என்று யார் கண்டுபிடிப்பது?

வெளிறி இருக்கிறது, சோர்ந்தே இருக்கிறது

டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தால் தள்ளிப்போடாதீர்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையான குழந்தைகளில் நாடு முழுவதும் 67.1 சதவீதம், தமிழ்நாட்டில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நன்றாகச் சாப்பிடுகிற குழந்தைக்கும் இருக்கலாம்.

டப்பா பக்கமிருந்து செய்யக்கூடியது சேர்க்கைதான். கீரை, பருப்பு, ராகியில் உள்ள இரும்புச்சத்து தனியாகச் சுலபத்தில் உடம்பில் சேராது. வைட்டமின் சி கூட இருந்தால் சேரும். முருங்கைக்கீரைப் பருப்பு சாதத்தை இறக்கி ஆறிய பிறகு நாலு சொட்டு எலுமிச்சை, அல்லது சாப்பாட்டுக்குப் பின் நாலு துண்டு பழுத்த கொய்யா, கொட்டைப் பகுதியை எடுத்துவிட்டு. அதே வேளையில் பால் வேண்டாம், பால் அந்த இரும்பைத் தடுக்கும். டீ வாசனைக்காக ஒரு மடக்கு கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன, அதுவும் கூடாது. அசைவ வீடென்றால் குழைய வேகவைத்துத் துருவிய ஆட்டிறைச்சியோ கோழியோ எதையும்விட வேகமாக உதவும். அரசுத் திட்டத்தில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்கு வாரம் இரு முறை இரும்புச்சத்து சிரப் உண்டு. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரியுங்கள், அளவை அவர்கள் சொல்வார்கள்.

மூடி, வாடை, கசிவு

காலையில் சூடாக மூடிய எவர்சில்வர் மூடி, உள்ளே ஆறியதும் காற்று சுருங்கி இறுகிக்கொள்ளும். கொஞ்சம் ஆவி போன பிறகு மூடுங்கள். ஃபுட் ஜாரும் இப்படி இறுகும். அதன் மூடியைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் காற்று உள்ளே போய்த் திறக்கும் என்று அக்காவுக்குக் காட்டிவிடுங்கள். கழுவியும் பழைய சாம்பார் வாடை அடிக்கிறதென்றால் டப்பாவில் தவறில்லை, மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம்தான். கத்தி நுனியால் நெம்பி எடுத்துத் தனியே கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். அந்த வளையம் திருகிக்கொண்டிருந்தால்தான் கசிவும் வரும். பெயரை டப்பாவில் மட்டும் எழுதினால் போதாது, மூடியிலும் ஸ்பூனிலும் எழுத வேண்டும்.

காலையில் நேரமே இல்லை

குழந்தைக்குத் தனிச் சமையல் என்று ஆரம்பித்தால் நேரம் ஒருபோதும் போதாது. வீட்டுக்கு வேகும் பருப்பிலும் காயிலும் உப்பு, மிளகாய்த்தூள், தாளிப்பு விழுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்துவைத்துவிட்டால் குழந்தையின் சமையல் முடிந்தது. இரவே செய்யக்கூடியது காய் நறுக்குவதும், அரிசி பருப்பை அளந்து கிண்ணத்தில் வைப்பதும், ஜாரைக் கழுவிக் கவிழ்ப்பதும். சோறு வடித்து இரவே வைப்பது மட்டும் வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். பாசிப்பருப்பையும் அரிசியையும் வெறும் வாணலியில் வாசனை வர வறுத்து, சீரகத்தோடு ரவை பதத்தில் உடைத்து ஒரு டப்பாவில் வைத்திருந்தால், எழுந்திருக்கத் தாமதமான காலையிலும் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் கஞ்சி தயார். அதில் துருவிய கேரட்டைப் போட்டு நெய் விட்டால் அதுவே மதியச் சாப்பாடு. திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று என்று ஏழு வகை வேண்டும் என்ற கட்டாயம் குழந்தைக்கு இல்லை. மூன்று வகை சரியான பதத்தில் கைவந்தால், காயை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு மாதக்கணக்கில் ஓட்டலாம்.